மகனைக் கொன்றவனுக்கு ஒரு கடிதம்

தன் மகனைக் கொன்றவனுக்குத் தகப்பன் ஒருவன் கடிதம் எழுதினான். எழுதியவன் சாமானியனல்லன், நாடாளும் வேந்தன். குதிரைப் படை அவன் சொல்லுக்குக் காத்து நின்றது. பழி வாங்க அவன் எண்ணியிருந்தால் குறை கூறுவார் அக்காலத்தில் எவருமிலர். அவனோ எழுதுகோலை எடுத்தான். 1096ஆம் ஆண்டில் நடந்த ஒரு கொலையையொட்டிப் பிறந்த அக்கடிதம் இன்றும் அழியாதிருக்கிறது. அதை எழுதியவன் பெயர் விளாதிமிர் மொனொமாக்.

அந்நாளிலே ருஷ்யா என்று இன்று நாம் அறிந்த பெருநாடு தோன்றவில்லை. தினேப்பர் நதிக்கரையிலுள்ள கீவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ரூஸ்' என்னும் தேசமே இருந்தது. இன்றைய ருஷ்யர், உக்ரேனியர், பெலரூஸியர் ஆகிய மூவகையினரும் தத்தம் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகின்றனர். மொனொமாக் வீற்றிருந்த கீவ் இன்று உக்ரேனின் தலைநகர். ஆயினும் பழைய ருஷ்ய வேந்தர் வரிசையில் வைத்தே அவனை நூல்கள் பேசுவதால் நாமும் அவ்வழக்கையே கைக்கொள்வோம்.

விளாதிமிர் பிறந்தது 1053ஆம் ஆண்டு. 'அறிஞன்' எனப் புகழ் பெற்ற யாரொஸ்லாவ் அவனுடைய பாட்டன். தாய், கான்ஸ்டான்டிநோப்பிளில் ஆண்ட கிரேக்கச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் மொனொமாக்கஸின் குடும்பத்தவள். தாய்வழி வந்த அப்பெயருக்குத் தனித்து நின்று பொருபவன் என்பது பொருள். அவன் பொருத போர்களிற் பெரும்பகுதி பங்காளிகளோடு நிகழ்ந்தமையை எண்ணும்போது, அப்பெயர் அவனுக்குச் சற்று விபரீதமாகவே பொருந்திவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பங்காளிப் பகைக்குக் காரணம் அந்நாட்டு வாரிசு முறை. தந்தைக்குப் பின் மகன் என்பது அங்கே வழக்கமன்று. மூத்தவன் இறந்தால் அடுத்த தம்பி. தம்பியர் அனைவரும் முடிந்தபின் மூத்தவனின் மகன். கீவ் சிங்காதனத்தில் ஒருவன் ஏறினால், ஏனையோரும் ஒரு படி உயர்ந்து சிறிய நகரிலிருந்து பெரிய நகருக்கு மாறவேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மரணத்தின் போதும் குடும்பம் முழுவதும் வீடு மாறவேண்டுமென்றால் சண்டை வராதிருக்குமா? தந்தை இறந்தவுடன் அவன் ஆண்ட நகரைப் பெரியப்பனோ சிற்றப்பனோ எடுத்துக்கொள்ள, நடுத்தெருவில் நின்ற இளவரசர் பலர். அவர்களுள் ஒருவன்தான் ஒலெக்.

ஒலெக் விளாதிமிரின் பெரிய தகப்பனார் மகன். இருவரும் இளமையில் உற்ற தோழர்கள். 1076இல் போலந்து மன்னனுக்குத் துணையாகச் செக் நாட்டின் மேல் இருவரும் சேர்ந்தே படை நடத்திச் சென்றனர். ஏறக்குறைய அவ்வேளையில் விளாதிமிருக்கு முதல் மகன் பிறந்தான். அக்குழந்தை ம்ஸ்திஸ்லாவுக்கு ஞானத்தந்தையாக நின்றவன் ஒலெக்கே. குழந்தையின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் பெயர் கீத்தா. நம் வீட்டுப் பெண்ணின் பெயர்போல ஒலித்தாலும் அவள் ஆங்கில நாட்டவள். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட ஹரல்ட் மன்னனின் மகள். நாடிழந்த அந்த இளவரசி கடல் கடந்து வந்து ருஷ்ய வேந்தர் குடியில் புகுந்தாள். வடநாட்டார் கதைகள் அவளுடைய மூத்த மகனைப் பாட்டன் பெயரால் ஹரல்ட் என்றே அழைக்கின்றன.

ஒலெக்கின் தந்தை இறந்ததும் நிலைமை மாறிற்று. அவர் ஆண்ட செர்னிகோவ் நகரம் ஒலெக்கின் கைக்கு வரவில்லை. 1078இல் அது விளாதிமிருக்குப் போயிற்று. அதே ஆண்டில் ஒலெக் படையெடுத்து வந்து தோற்று ஓடினான். பின்பு பிடிபட்டுக் கடல் கடத்தப்பட்டுக் கிரேக்கரின் ரோட்ஸ் தீவில் சில காலம் கழித்தான். தன் தகப்பன் வாழ்ந்த அரண்மனையில் பழைய தோழன் வாழ்கிறான். தான் அந்நிய மண்ணில் அலைகிறான். ஒலெக்கைக் கொடியவன் என்று எளிதில் தீர்த்துவிடும் சரித்திர ஆசிரியர்கள் இதனைச் சற்று நினைக்கவேண்டும். அவன் கேட்டது அவனுக்கு உரியதே. கேட்ட விதந்தான் பிழை. தெற்குப் புல்வெளியில் கூடாரமடித்துத் திரிந்த பொலொவ்சியர் என்னும் நாடோடி வீரரை அவன் துணைக்கழைத்தான். அவர்களோ ஊர்களைக் கொளுத்தி, மக்களைச் சிறைபிடித்து அடிமைச் சந்தையில் விற்பவர்கள்.

1093இல் விளாதிமிரின் தந்தை கீவில் இறந்தார். சிங்காதனம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் வரிசை முறைப்படி அது பெரியப்பன் மகன் ஸ்வியாதொபல்க்குக்கு உரியது. போர் மூளும் என்று எண்ணி விளாதிமிர் விட்டுக்கொடுத்தான். அவ்வாண்டே பொலொவ்சியரோடு ஸ்துக்னா ஆற்றங்கரையில் நடந்த போரில் ருஷ்யப் படை சிதறியது. பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கையில் தம்பி ரொஸ்திஸ்லாவ் அவன் கண்ணெதிரே அமிழ்ந்தான். தூக்கிவிட முயன்ற அண்ணனும் மூழ்கும் தறுவாயில் தப்பினான்.

அடுத்த ஆண்டு, 1094இல், ஒலெக் பொலொவ்சியருடன் செர்னிகோவ் வாயிலில் வந்து நின்றான். எட்டு நாள் போர் நடந்தது. சுற்றிலும் ஊர்களும் மடங்களும் எரிவதைக் கண்ட விளாதிமிர் நகரை ஒலெக்கிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினான். பெண்டிர் பிள்ளைகளையும் சேர்த்து நூறு பேருக்கும் குறைந்த கூட்டம் பகைவர் அணிகளின் நடுவே ஊடுருவிச் சென்றது. ஓநாய்க் கூட்டத்தின் நடுவே ஆட்டுக்கிடை செல்வது போன்ற அந்த நடையை அவன் முதுமையிலும் மறக்கவில்லை.

இதுவரை வந்த கதையில் விளாதிமிர் பொறுமையின் உருவமாகவே தோன்றுவான். 1095ஆம் ஆண்டுப் பெப்ரவரி மாதம் அந்தச் சித்திரத்தின்மேல் விழுந்த கறையை மறைத்தல் தகாது. இத்லார், கித்தான் என்னும் இரு பொலொவ்சியத் தலைவர்கள் சமாதானம் பேச அவனுடைய பெரெயாஸ்லாவ்ல் நகருக்கு வந்தனர். அவர்களுடைய பாதுகாப்புக்குப் பிணையாக விளாதிமிர் தன் மகன் ஸ்வியாதொஸ்லாவைக் கித்தானின் பாளையத்துக்கு அனுப்பினான். சத்தியமும் செய்யப்பட்டது. அப்போது அவனுடைய சொந்த வீரர்கள் வந்து, இவர்களைக் கொன்றுவிடுவோம் என்றனர். சத்தியம் செய்துவிட்டேனே என்று அவன் தயங்கினான். அவர்களும் ஆண்டுதோறும் சத்தியம் செய்து ஆண்டுதோறும் மீறுகிறவர்கள்தாமே என்று வீரர்கள் வாதாடினர். அவன் இணங்கினான். அன்றிரவே பிள்ளையை இரகசியமாக மீட்டபின் கித்தானை வெட்டினர். காலையில் இத்லாரைச் சூடேற்றிய வீடொன்றில் உணவுண்ண வருமாறு அழைத்துக் கதவைப் பூட்டினர். கூரையைப் பிரித்து மேலிருந்து எய்த அம்பு அவன் மார்பில் பாய்ந்தது. விருந்துக்கு அழைத்துக் கொல்வதைப் பகைவனும் செய்யக் கூசுவான். பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது விளாதிமிர் இந்த நிகழ்ச்சியைச் சில சொற்களிலே கடந்துவிடுகிறான். நமக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

மறு ஆண்டு அவனுடைய வீட்டிலேயே இடி விழுந்தது. அவன் மக்களுள் ஒருவனான இசியாஸ்லாவ் முரோம் என்னும் நகரைக் கைப்பற்றியிருந்தான். அது ஒலெக்குக்குத் தந்தைவழி வந்த நகரம். ஒலெக் படையோடு வந்து, இது என் தகப்பன் ஊர். நீ உன் தகப்பன் ஊராகிய ரொஸ்தோவுக்குப் போ என்று சொல்லியனுப்பினான். இளைஞன் கேட்கவில்லை. 1096ஆம் ஆண்டு செப்தெம்பர் 6ஆம் திகதி நகர மதிலின் முன் நடந்த போரில் இசியாஸ்லாவ் வீழ்ந்தான். அவனுடைய இளம் மனைவி ஒலெக்கின் கையில் அகப்பட்டாள். வெற்றி தலைக்கேற, ஒலெக் தனக்கு உரியதல்லாத சூஸ்தாலையும் ரொஸ்தோவையும் பிடித்துக்கொண்டான்.

அப்போது வடக்கே நொவ்கொரொதில் ஆண்டவன் யார் தெரியுமா? ஒலெக் ஞானத்தந்தையாக நின்ற அதே ம்ஸ்திஸ்லாவ். இருபது வயது வாலிபன். இறந்தவனின் அண்ணன். உன் ஊராகிய முரோமுக்குத் திரும்பிவிடு. தந்தையிடம் உனக்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று அவன் ஞானத்தந்தைக்குச் செய்தி அனுப்பினான். ஒலெக் ஏற்பதுபோல் நடித்து ஏமாற்ற முயன்றான், போர் மூண்டது, ஒலெக் தோற்றான். தோற்றவனை நாட்டைவிட்டே துரத்தும் வலிமை பெற்ற பின்பும் ம்ஸ்திஸ்லாவ் தந்தைக்குச் சமாதானம் வேண்டியே எழுதினான். தம்பியின் சாவைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிடுவோம் என்பது அவன் கருத்து.

மகனின் இந்த ஓலைதான் தந்தையின் நெஞ்சை அசைத்தது. விளாதிமிர் ஒலெக்குக்கு எழுதிய கடிதத்தில் அதை அவனே ஒப்புக்கொள்கிறான். வயதில் இளையவன், பெற்ற பிள்ளை, தனக்குப் பணிவின் வழியைக் காட்டினான் என்று வேந்தன் எழுதுவது சிறிய காரியமன்று. போரில் வீரர் மடிவது இயல்பு. நம் முன்னோரும் அவ்வாறு மடிந்தனர் என்கிறான். பிறன் ஊரை நாடியது தன் மகனின் பிழை என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். ஆனால் அந்த இளம் உடல் இரத்தத்திற் கிடந்ததைக் கண்ட கணத்தில் நீ மனம் வருந்தி எனக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்கிறான். அதுமட்டுமே அவன் கூறும் குற்றச்சாட்டு. பின்பு ஒரு வேண்டுகோள்: விதவையான மருமகளை என்னிடம் அனுப்பிவை. அவர்களுடைய திருமணத்தை அவன் கண்டதில்லை, மணப்பாட்டுக் கேட்டதில்லை. அவளை அணைத்துக்கொண்டு சேர்ந்து அழவாவது வேண்டும் என்கிறான். கப்பமோ நிலமோ அவன் கேட்கவில்லை.

புத்திர சோகத்தைப் பாடிய காவியங்கள் உலகில் பல உண்டு. அழுகையையும் நியாயத்தையும் ஒரே ஏட்டில் இவ்வளவு அமைதியாக வைத்த அரசர் கடிதம் வேறொன்றை நான் படித்ததில்லை.

1097இல் லியூபெச் என்னும் இடத்தில் இளவரசர்கள் கூடினர். ஒலெக்கும் வந்தான். அவரவர் தந்தைவழி நிலம் அவரவர்க்கே என்று தீர்மானித்துச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தனர். ஒலெக் கேட்டுக்கொண்டிருந்த நியாயம் இறுதியில் சட்டமாயிற்று! அந்த முத்தத்தின் ஈரம் காயுமுன்பே தாவீத் என்னும் இளவரசன், கீவ் வேந்தன் ஸ்வியாதொபல்க்கின் உடந்தையோடு, வாசில்கோ என்னும் மற்றோர் இளவரசனைப் பிடித்து அவன் கண்களைப் பிடுங்கினான். இத்தகைய கொடுமை ரூஸ் நாட்டில் முன் நடந்ததில்லை என்று விளாதிமிர் அழுததாக வரலாற்றேடு கூறுகிறது. அவன் ஒலெக்கையும் சேர்த்துக்கொண்டு கீவின் மேல் படை நடத்தினான். மகனைக் கொன்றவனும் மகனை இழந்தவனும் ஓரணியில் நின்றனர். கீவ் மக்கள் விளாதிமிரின் சிற்றன்னையைத் தூதாக அனுப்பினர். நீங்கள் ஒருவரையொருவர் வெட்டினால் பொலொவ்சியர்தாம் மகிழ்வர் என்று அவள் சொன்னாள். தாய்க்குரிய மரியாதை அவளுக்குக் கொடுத்து அவன் படையை நிறுத்தினான்.

குற்றவாளியை அவர்கள் விசாரித்த விதம் நினைவில் நிற்கத்தக்கது. 1100ஆம் ஆண்டு கூடிய சபையிலே தாவீதும் அவர்களோடு ஒரே கம்பளத்தில் அமர்ந்தான். அவன் மீது முறையிட வேண்டியவர் யார் என்று கேட்டான்.  சகோதரர் ஒவ்வொருவரும் எழுந்து சென்று தத்தம் குதிரைமீது ஏறித் தம் வீரரோடு தனித்தனியே நின்று ஆலோசித்தனர். அவனை ஒருவரும் அருகில் அண்டவிடவில்லை. நகரைப் பறித்துச் சிற்றூர்கள் சிலவற்றைக் கொடுத்து அனுப்பினர். உயிரைத் தொடவில்லை.

வீடு அடங்கிய பின்புதான் வெளிப்பகையை நினைக்க முடிந்தது. 1103இல் புல்வெளிக்குப் படை நடத்த வேண்டுமென்று விளாதிமிர் சொன்னபோது ஸ்வியாதொபல்க்கின் வீரர்கள் மறுத்தனர். வசந்த காலம் உழவுக்காலம். குதிரைகளைப் பறித்தால் குடியானவன் கெடுவான் என்றனர். குதிரைக்கு இரங்குகிறீர்கள், உழுதுகொண்டிருக்கும்போதே பொலொவ்சியன் வந்து அவனை அம்பால் எய்து, குதிரையையும் மனைவி மக்களையும் கொண்டுபோவானே, அந்தக் குடியானவனுக்கு இரங்கமாட்டீர்களா என்று விளாதிமிர் கேட்டான். எதிர்வாதம் எழவில்லை. அந்தப் படையெடுப்பில் 20 பொலொவ்சியத் தலைவர்கள் மாண்டனர். பெல்தியூஸ் என்னும் தலைவன் உயிரோடு பிடிபட்டுப் பொன்னும் வெள்ளியும் தருவதாகக் கெஞ்சினான். எத்தனை முறை சத்தியம் செய்து மீறினீர்கள், உன் மக்களுக்கு ஏன் புத்தி சொல்லவில்லை என்று கேட்டு விளாதிமிர் அவனைக் கொல்லச் சொன்னான். எட்டு ஆண்டுகளுக்கு முன் சூடேற்றிய வீட்டில் மாண்ட இத்லாரின் நினைவு அந்த நேரத்தில் அவனுக்கு வந்திராதா? 1111இல் கிடைத்த பெருவெற்றிக்குப்பின் புல்வெளிப் பயம் நெடுநாள் ஓய்ந்தது.

1113 ஏப்ரலில் ஸ்வியாதொபல்க் இறந்தான். வட்டிக் கொடுமையால் நொந்திருந்த கீவ் நகரம் கொதித்தெழுந்தது. படைத்தலைவன் புத்யாதாவின் வீடும் யூதர்களின் இல்லங்களும் சூறையாடப்பட்டன. நகரப் பெரியோர் விளாதிமிருக்கு ஆளனுப்பினர். அவன் முதலில் வரவில்லை. நீ வராவிடின் மடங்களையும் இறந்த வேந்தனின் மனைவியையும் தாக்குவர் என்று மறுபடியும் ஓலை வந்தபின் புறப்பட்டான். முறைப்படி பார்த்தால் அப்போதும் ஒலெக்கின் குடும்பமே மூப்புடையது. இம்முறை விளாதிமிர் விட்டுக்கொடுக்கவில்லை. அறுபது வயதில் அரியணை ஏறியவன் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று கடன் சட்டம். கடும்வட்டியை மூன்று முறை வாங்கியவன் முதலைத் திருப்பிக் கேட்கும் உரிமையை இழப்பான். கடனுக்கு உழைக்கும் கூலியாளை அடிமையாக்கலாகாது என்று விதித்தான்.

அவன் தன் பிள்ளைகளுக்கு எழுதிய அறிவுரை நூலைக் குறிப்பிடாமல் இக்கட்டுரையை முடித்தால் மாணவர்கள் என்னை மன்னியார். சறுக்குவண்டியில் அமர்ந்து எழுதுகிறேன் என்று தொடங்குகிறான். அந்நாட்டில் பிணத்தைச் சறுக்குவண்டியிலே கொண்டுசெல்வது வழக்கமாதலால், சாவுக்கு அருகில் இருக்கிறேன் என்பது கருத்து. பதின்மூன்று வயது முதல் ஓய்ந்ததில்லை. பெரும் பயணங்கள் 83. பொலொவ்சியரோடு செய்த சமாதானங்கள் 19. காட்டெருமைகள் இரண்டு அவனைக் குதிரையோடு கொம்பால் தூக்கி எறிந்தன. காட்டுப்பன்றி இடையிலிருந்த வாளைப் பறித்தது. கரடி முழங்காலருகில் சேணத்துணியைக் கடித்தது. செர்னிகோவிலிருந்து கீவிலிருந்த தந்தையைக் காண, மாலைப் பூசைக்கு முன் சேருமாறு ஒரே நாளில் ஏறக்குறைய நூறு முறை குதிரையோட்டினானாம். மின்ஸ்க் நகரைச் சூறையாடி ஆளையும் மாட்டையும் விடாது கொண்டுவந்ததையும் அவன் மறைக்கவில்லை.

அறிவுரைகளோ வெகு சாதாரணமானவை, அதனாலேயே இனிமையானவை. சூரியன் உங்களைப் படுக்கையிற் காணலாகாது. வீட்டுக் காரியங்களை வேலையாளிடம் விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள். பயணத்தில் உங்கள் ஆட்கள் பிறர் பயிரை மிதிக்க விடாதீர்கள். நோயாளியைப் போய்ப் பாருங்கள். குற்றவாளியையும் கொல்லாதீர்கள். கற்றதை மறவாதீர்கள், தன் தந்தை வீட்டிலிருந்தபடியே ஐந்து மொழிகள் பயின்றாராம். நண்பகலில் உறங்குவது மட்டும் கடவுள் விதித்தது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாசகர் பலர் இதனை விரும்புவர். மனைவியை நேசியுங்கள், ஆனால் உங்கள்மேல் அதிகாரம் கொடாதீர்கள் என்ற வாசகத்தைக் கண்டு இல்லத்தரசிகள் சினங்கொள்ள வேண்டாம். அதைப் பிள்ளைகள் கடைப்பிடித்தனரா என்பதற்குச் சான்றில்லை. சத்தியத்தைப் பற்றிய அவன் எச்சரிக்கையோ விளையாட்டன்று. காப்பாற்ற முடியுமா என்று நெஞ்சைக் கேட்டபின் சிலுவையை முத்தமிடுங்கள். முத்தமிட்டபின் மீறாதீர்கள் என்கிறான். 1095ஆம் ஆண்டுக் காலையை அறிந்தவருக்கு அச்சொல் வேறு விதமாக ஒலிக்கும்.

1115 மே மாதத்தில் விளாதிமிரும் ஒலெக்கும் மீண்டும் சந்தித்தனர். 1015இல் அண்ணன் ஏவிய கொலையாளிகளால் மாண்டு புனிதராகப் போற்றப்பட்ட பொரிஸ், கிளேப் என்னும் சகோதர இளவரசரின் பெட்டிகளை வீஷ்கொரொதில் எழுந்த புதிய கோயிலுக்கு மாற்றும் விழா. பெட்டிகளைக் கோயில் நடுவில் வைக்க விளாதிமிர் விரும்பினான்; தன் தந்தை குறித்துவைத்த வளைவின் கீழ் வைக்க ஒலெக் விரும்பினான். இரு முதியவர்களும் மறுபடியும் சச்சரவிட்டனர். முடிவில் திருவுளச்சீட்டுப் போட்டனர். ஒலெக்கின் பக்கம் விழுந்தது. விளாதிமிர் ஒப்புக்கொண்டான். அவ்வாண்டு ஓகஸ்தில் ஒலெக் இறந்தான்.

விளாதிமிர் 1125 மே 19இல், பொரிஸ் கொலையுண்ட ஆல்தா ஆற்றங்கரையில், தான் கட்டிய கோயிலின் அருகே உயிர் நீத்தான். கீவ் புனித சோபியா தேவாலயத்தில் தந்தையின் பக்கத்தில் அடக்கினர். மாஸ்கோ கிரெம்ளினில் காட்டப்படும் 'மொனொமாக்கின் முடி' அவன் அணிந்ததன்று. அது பிற்காலத்து வேலைப்பாடு. அதை அனுப்பியதாகக் கதை கூறும் கிரேக்கச் சக்கரவர்த்தி இறந்தபோது விளாதிமிருக்கு வயது இரண்டு! மூத்த மகன் ம்ஸ்திஸ்லாவ் 1132 வரை நாட்டைச் சிதறாமல் காத்தான். பின்பு பழைய கதை. 1169இல் கீவ் நகரைச் சூறையாடிய படையை அனுப்பியவன் விளாதிமிரின் சொந்தப் பேரன் அந்திரேய்.

அறிவுரையும் கடிதமும் ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில்தான் எஞ்சியுள்ளன. லவ்ரேந்தி என்னும் துறவி 1377இல் எழுதிய வரலாற்றேடு அது. மூசின்-புஷ்கின் என்னும் பிரபு அதனைத் தேடிப் பெற்று, 1793இல் அறிவுரையை அச்சிட்டார். பின்பு ஏட்டைச் சக்கரவர்த்தி அலெக்சாந்தருக்குக் காணிக்கையாக்கினார். 1812இல் நெப்போலியன் காலத்து மாஸ்கோ தீயில் பிரபுவின் நூலகம் முழுவதும் சாம்பலாயிற்று. ஒலெக்கின் பேரனான ஈகோர் என்பவனின் படையெடுப்பைப் பாடும் புகழ்பெற்ற பழங்காவியத்தின் ஒரே மூலப்பிரதியும் அதில் எரிந்தது. ஒலெக்குக்கு எழுதிய கடிதம் மட்டும் பீட்டர்ஸ்பர்க்கில் பத்திரமாயிருந்தது.